கோத்தகிரியில் ஒரு மடிக்கணினி, அண்டார்டிகாவில் ஒரு வரப்பு: கடல் சூட்டால் பனிப்படலம் பின்வாங்குவதைக் கணக்கிட முழுமையான வழிகாட்டி

ஜனவரி விடியலில் ஊட்டிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் பள்ளத்துப் புல்வெளி வெள்ளையாக உறைந்து கிடக்கும். அதே நேரம் மேட்டில் இருக்கிற தோட்டம் பச்சையாகவே இருக்கும். குளிர்ந்த காற்றுக்கு எடை அதிகம். இரவெல்லாம் சரிவில் வழிந்து பள்ளத்தில் போய்த் தேங்கிவிடுகிறது. இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அண்டார்டிகாவில் பனிக்கு அடியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான், ஒரே ஒரு தலைகீழ் மாற்றத்தோடு: அங்கே பள்ளம் தேடி வழிவது சூடான நீர்.

சூடு என்றால் நம் ஊர்ச் சூடு இல்லை. பூச்சியத்துக்கு மேல் 1 டிகிரி அளவுதான். ஆனால் அந்த நீரில் உப்பு அதிகம், அதனால் கனமும் அதிகம். மேலே மிதக்கும் குளிர்ந்த, உப்புக் குறைந்த நீருக்கு அடியில் அது தங்குகிறது. பழைய பனியாறுகள் கடல் தரையில் செதுக்கிவிட்டுப் போன பள்ளங்கள் வழியே உள்ளே நுழைந்து பனியின் வேரைத் தொடுகிறது.

எங்கள் பக்கத்து வீட்டு பிளஸ் டூ பெண் ஒருநாள் கேட்டாள்: “பனி வெயில்லதானே சார் உருகும்? கடல் எப்படி சார் மலை மாதிரி இருக்கிற பனியைக் குறைக்கும்?” அவளுக்காகச் செய்த கணக்குத்தாள் இது. சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். சாதாரண விரிதாள் மென்பொருளும் ஒரு சனிக்கிழமை மதியமும் போதும்.

முதல் படி: படத்தைத் தாளில் வரையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் ஒரு வெட்டுமுகம் வரைந்துவிடுங்கள். இதைத் தாண்டிக் குதித்தவர்கள் பிறகு எந்த எண் எங்கே போகிறது என்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

கோவையிலிருந்து சென்னை வரை ரயில் பாதை கிட்டத்தட்ட 500 கி.மீ. நம் பனிப்படலத்தின் நீளமும் அதுவே என்று வையுங்கள். கோவை உள்நாடு, சென்னை கடற்கரை. பனியின் சராசரித் தடிமன் 2,320 மீட்டர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வழி முழுக்க அதைவிடச் சற்றுக் கூடுதலான தடிமனில் பனி படுத்திருப்பதாகக் கற்பனை செய்யுங்கள். இவ்வளவு எடை சும்மா இருக்காது. தேன் போல, மிக மெதுவாக, கடலை நோக்கி வழிந்துகொண்டே இருக்கும்.

கடலை அடைந்ததும் ஓர் இடத்தில் பனி தரையைவிட்டு எழுந்து மிதக்கத் தொடங்குகிறது. அந்த இடத்தைத் தரைக்கோடு என்று அழைப்போம். அதற்கு அப்பால் மிதப்பது பனிமேடை. மேடை மிதப்பதால் அது முழுக்க உருகினாலும் கடல் மட்டம் ஏறக்குறைய மாறாது. அப்படியானால் அது ஏன் முக்கியம்? நீலகிரியில் வீடு கட்டியவர்களைக் கேளுங்கள். சரிவுக்குக் கீழே இருக்கும் தாங்குசுவர் வீட்டின் எடையைச் சுமப்பதில்லை. மண்ணை நகரவிடாமல் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஓடை அதன் அடியை அரித்தால் முதலில் சுவர் போகும், பிறகு மேலே இருக்கும் மண் வரும். பனிமேடை அந்தத் தாங்குசுவர். கடல் சூடு அந்த ஓடை.

2002-இல் அண்டார்டிகத் தீபகற்பத்தில் லார்சன் பி பனிமேடை சில வாரங்களில் உடைந்து சிதறியபோது, அதன் பின்னால் இருந்த பனியாறுகள் பல மடங்கு வேகமெடுத்தன. அங்கே சுவரை உடைத்ததில் பெரும் பங்கு மேற்பரப்பில் உருகிய நீருக்கு. ஆனால் சுவர் போனால் என்ன ஆகும் என்பதை அது கண்ணெதிரே காட்டியது.

இரண்டாம் படி: தரையை அமையுங்கள்

மேற்கு அண்டார்டிகாவில் பனி உட்கார்ந்திருக்கும் தரை பல இடங்களில் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது; உள்ளே போகப் போக இன்னும் ஆழமாகிறது. இந்த வடிவம்தான் எல்லா வம்புக்கும் காரணம்.

நம் மாதிரியில் 490-ஆவது கிலோமீட்டரில் கடல் தரையில் ஒரு வரப்பு வையுங்கள். அதன் உச்சி கடல் மட்டத்துக்கு 423 மீட்டர் கீழே. அங்கிருந்து இரு பக்கமும் கிலோமீட்டருக்கு 1 மீட்டர் வீதம் ஆழமாகட்டும். தொடக்கத்தில் தரைக்கோடு 500-ஆவது கிலோமீட்டரில், வரப்புக்குக் கடல் பக்கமாக நிற்கிறது. அங்கே ஆழம் 433 மீட்டர்.

பனியின் அடர்த்தி கன மீட்டருக்கு 917 கிலோ, கடல் நீரின் அடர்த்தி 1,028. ஆகவே மிதக்கத் தொடங்கும் இடத்தில் பனியின் தடிமன்:

விளிம்புத் தடிமன் = 1.121 × தரையின் ஆழம்

433 மீட்டர் ஆழத்துக்கு 485 மீட்டர் வரும்.

மூன்றாம் படி: கடலை எழுதுங்கள்

கடல் நீரின் வெப்பநிலையைத் தனியாக வைத்துக்கொண்டு பயனில்லை. அந்த ஆழத்தில் அது உறையும் புள்ளிக்கு எவ்வளவு மேலே இருக்கிறது என்பதே கணக்கு. உப்பு கூடினால் உறைநிலை இறங்கும்; அழுத்தம் கூடினாலும் இறங்கும்.

உறைநிலை = 0.0832 − 0.0573 × உப்பு − 0.000761 × ஆழம்

உப்பு ஆயிரத்துக்கு 34.5, ஆழம் 433 மீட்டர் என்றால் விடை மைனஸ் 2.22 டிகிரி. அதாவது மைனஸ் 1.22 டிகிரியில் இருக்கும் நீர், நம் தோலுக்கு விறைக்கிற குளிர், பனிக்கு 1 டிகிரி சூடு. இந்த வித்தியாசத்தை மிகைச்சூடு என்று ஒரு நிரலில் எழுதுங்கள்.

உருகும் வேகம் = 2.6 × மிகைச்சூடு × மிகைச்சூடு (ஆண்டுக்கு மீட்டரில்)

ஏன் இருமடி? சூடு கூடினால் உருகுவது கூடும். உருகிய நன்னீர் லேசானது, பனியின் அடிப்பரப்பைத் தடவிக்கொண்டு மேலே ஓடும். அது வேகமாக ஓட ஓட, பின்னால் இன்னும் சூடான கடல் நீரை இழுத்து வரும். ஆக சூடு இரண்டு வேலை செய்கிறது: உருக்குகிறது, தன்னைத் தானே அழைத்தும் வருகிறது.

2.6 என்பது அண்டார்டிகா முழுமைக்கும் சராசரியாகப் பொருந்தும்படி எடுத்த எண். இடத்துக்கு இடம் இது பல மடங்கு மாறும். சரிபார்க்க ஒன்று: மேற்கு அண்டார்டிகாவை ஒட்டிய அமுண்ட்சென் கடலில் 700 மீட்டர் ஆழத்தில் நீர் 1 டிகிரி இருந்தால் மிகைச்சூடு 3.4, உருகல் ஆண்டுக்கு 30 மீட்டர். அந்தக் கடலில் இறங்கும் பைன் தீவுப் பனியாற்றின் தரைக்கோட்டை ஒட்டி அளந்ததும் பத்து பத்தாக எண்ணும் மீட்டர் அளவில்தான் இருக்கிறது. எனவே வழி தவறவில்லை.

நம் மாதிரியின் தொடக்க மிகைச்சூடு 1 டிகிரி. உருகல் 2.6 மீட்டர்.

நான்காம் படி: தாங்குசுவர்

மேடையின் நீளம் 30 கி.மீ., தடிமன் 300 மீட்டர், நுனி உடைந்து கடலில் விழும் வேகம் ஆண்டுக்கு 240 மீட்டர். ஒவ்வோர் ஆண்டும் மேடையின் கணக்கு:

புதிய மேடைத் தடிமன் = பழையது + (விளிம்பு ஓட்டம் ÷ 30,000) − உருகும் வேகம் − (240 × பழையது ÷ 30,000)

இதில் விளிம்பு ஓட்டம் என்பது தரைக்கோட்டைத் தாண்டி மேடைக்குள் வரும் பனி. அது தொடக்கத்தில் ஒரு மீட்டர் அகலத்துக்கு ஆண்டுக்கு 1,50,000 கன மீட்டர். போட்டுப் பாருங்கள்: வரவு 5, உருகல் 2.6, உடைவு 2.4. வரவும் செலவும் சரி.

இங்கேதான் நான் சறுக்கினேன். மேடைக்கு வரும் பனியை 5 மீட்டர் என்று நிலையாக எழுதிவிட்டேன். மிகைச்சூட்டை 1.5 ஆக்கியதும் மேடை மொத்தமாகக் காணாமல் போனது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் குதித்தேன். உண்மையில் சுவர் மெலிந்தால் பின்னாலிருந்து கூடுதல் பனி வரும், அது சுவருக்கே தீனி போடும். வரவை நடப்பு ஓட்டத்தோடு இணைத்ததும், அதே 1.5 டிகிரியில் மேடை ஏறக்குறைய பாதியாக மெலிந்து நின்றது. மறையவில்லை.

அப்புறம் தாங்கல் எண்:

தாங்கல் எண் = 1 − 0.265 × (மேடைத் தடிமன் ÷ 300)

சுவரே இல்லையென்றால் 1, தொடக்கத்தில் 0.735. எண் பெரிதாக ஆக, பிடிப்பு குறைகிறது என்று பொருள். மேடையின் தடிமனுக்கும் பிடிப்புக்கும் இப்படி நேர்கோட்டு உறவு வைத்தது என் வசதிக்காக. நிஜத்தில் மேடையின் ஓரங்கள் பாறையில் உரசுவது, நடுவே கடல் தரை மேடு ஏதாவது முட்டுக்கொடுப்பது என்று பல சேர்க்கைகள் உண்டு.

ஐந்தாம் படி: இரண்டு ஓட்டங்கள்

இதுதான் மாதிரியின் இதயம், நிதானமாகப் படியுங்கள். உள்ளிருந்து தரைக்கோட்டுக்கு வரும் ஓட்டம் ஒன்று; தரைக்கோட்டைத் தாண்டி வெளியேறும் ஓட்டம் இன்னொன்று. இரண்டும் சமமானால் தரைக்கோடு நகராது. வெளியேறுவது அதிகமானால் கோடு பின்வாங்கும்.

உள் ஓட்டம் = 0.0518 × (தடிமன்)⁷ ÷ (நீளம்)³

விளிம்பு ஓட்டம் = 5.22 × 10⁻⁸ × (தாங்கல் எண்)^2.25 × (விளிம்புத் தடிமன்)^4.75

எல்லாம் மீட்டரிலும் ஆண்டிலும் இருக்க வேண்டும். இயற்பியல் நூல்களில் இந்த மாறிலிகள் நொடிக் கணக்கில் இருக்கும். அப்படியே எடுத்துப் போட்டால் பனி அசையவே அசையாது.

விளிம்பு ஓட்டத்தின் 4.75 என்ற அடுக்கு 2007-இல் கிறிஸ்டியன் ஷூஃப் கணித வழியில் வருவித்தது. அதன் கனத்தை உணர ஒரு சின்னக் கணக்கு: விளிம்பில் பனி 10 சதவீதம் தடித்தால் வெளியேறும் பனி 57 சதவீதம் கூடும். தடிமன் இரட்டித்தால் 27 மடங்கு. இப்போது உள்நோக்கி ஆழமாகும் தரையை நினைத்துப் பாருங்கள். கோடு பின்வாங்கினால் ஆழம் கூடும், ஆழம் கூடினால் விளிம்பு தடிக்கும், தடித்தால் வெளியேற்றம் கூடும், கூடினால் இன்னும் பின்வாங்கும். ஜொஹானஸ் வீர்ட்மன் 1974-லேயே இந்த ஆபத்தைக் கணிதத்தில் காட்டினார். உள் ஓட்டத்தையும் விளிம்பு ஓட்டத்தையும் இப்படி இரண்டு பெட்டிகளாகச் சுருக்கும் முறை 2018-இல் அலெக்சாண்டர் ரோபல் குழுவினர் வெளியிட்டது. நான் அதில் கடலையும் மேடையையும் ஒட்டவைத்தேன், அவ்வளவே.

ஆறாம் படி: ஆண்டுகளை ஓட்டுங்கள்

ஒரு வரி ஓர் ஆண்டு. ஒவ்வொரு வரியிலும்:

நீள மாற்றம் = (உள் ஓட்டம் − விளிம்பு ஓட்டம்) ÷ விளிம்புத் தடிமன்

தடிமன் மாற்றம் = 0.3 − (விளிம்பு ஓட்டம் ÷ நீளம்) − (தடிமன் ÷ நீளம்) × நீள மாற்றம்

0.3 என்பது ஆண்டுக்குப் பொழிந்து சேரும் பனி, மீட்டரில். புதிய நீளம் கிடைத்ததும் வரப்பின் சூத்திரத்திலிருந்து புதிய ஆழம், அதிலிருந்து புதிய விளிம்புத் தடிமன், இப்படிக் கீழே இழுத்துக்கொண்டே போகலாம். பத்தாயிரம் வரிகள் தேவைப்படும். விரிதாள் முனகும், பரவாயில்லை. பைத்தான் தெரிந்தால் இருபது வரி நிரல் போதும்.

ஏழாம் படி: ஒன்றுமே செய்யாமல் ஓட்டிப் பாருங்கள்

பலரும் விட்டுவிடும் படி. கடலைத் தொடாமல் ஆயிரம் ஆண்டு ஓட்டுங்கள். தரைக்கோடு 500 கிலோமீட்டரில் கிட்டத்தட்ட அப்படியே நிற்க வேண்டும். எண்களைச் சுருக்கி எழுதியதால் நூலிழை அளவு நகர்வு இருக்கலாம். பல கிலோமீட்டர் நகர்ந்தால் எங்கோ தப்பு. இந்தச் சோதனை தேறாத தாளில் கடலைச் சூடாக்கினால், வருகிற பின்வாங்கல் கடலுடையதா உங்கள் தட்டச்சுப் பிழையுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எட்டாம் படி: வரப்பைச் சுற்றி விளையாடுங்கள்

முதலில் மேடைக் கணக்கை நிறுத்திவிட்டு, தாங்கல் எண்ணைக் கையால் மாற்றுங்கள். 0.76 என்று வைத்தால் தரைக்கோடு மெல்லப் பின்வாங்கி 491-க்கும் 492-க்கும் இடையே நின்றுவிடும். 0.773 என்று வைத்தால் நிற்காது. வரப்பைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும், அதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டு எடுத்தாலும். இரண்டுக்கும் நடுவே, 0.765 அருகில் இருக்கிறது எல்லை. மேடை 300 மீட்டரில் வெறும் 34 மீட்டர் மெலிந்தால் அந்த எல்லை வந்துவிடுகிறது.

சுவரை மொத்தமாக எடுத்துவிட்டால் (எண் 1) வெளியேற்றம் முதல் ஆண்டே இரட்டிக்கிறது. கோடு அந்த ஆண்டில் 309 மீட்டர் பின்வாங்கும். நாற்பது, நாற்பத்தைந்து ஆண்டுகளில் வரப்பைக் கடந்துவிடும்.

இப்போது மேடைக் கணக்கை மறுபடி இணைத்து, கடலை மட்டும் சூடாக்குங்கள். வரப்பைக் கடக்க வைக்க எவ்வளவு சூடு போதும்? 0.03 டிகிரி. இந்த எண்ணைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லி பயமுறுத்தாதீர்கள். பனியை வரப்புக்குப் பத்தே கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியது நான். நுனி உடையும் வேகத்தை மாறாமல் கட்டிப்போட்டதும் நான். வரப்பை 20 மீட்டர் உயர்த்திப் பாருங்கள், எண் எங்கோ ஓடிவிடும். எல்லை ஒன்று இருக்கிறது என்பது மட்டும் ஓடாது.

கடைசி ஆட்டம்தான் எனக்குப் பிடித்தது. கடலைச் சூடாக்கி, கோடு வரப்பைக் கடந்த பிறகு, மிகைச்சூட்டைப் பழையபடி 1 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். பனி திரும்பி வருமா? எங்கே பிடித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. பொழியும் பனியும் விளிம்பு ஓட்டமும் சமமாகும் இன்னோர் இடம் வரப்புக்கு உள்பக்கம் இருக்கிறது. தாங்கல் எண்ணை 0.735-இல் நிறுத்தினால் அது 483-ஆவது கிலோமீட்டர் அருகில். மேடையை உயிரோடு விட்டால் இன்னும் முன்னதாக, 486-க்கும் 487-க்கும் இடையே. சமம் என்றாலும் அது கத்தி முனைச் சமம். அதற்கு முன்பே கடல் ஆறிவிட்டால் பனி மெதுவாக மீளும். கடந்துவிட்டால், கடல் பழைய நிலைக்கு வந்தாலும் பனி வராது. எவ்வளவு உள்ளே போய்விட்டது, தடிமன் எவ்வளவு இழந்தது என்பதற்கேற்ப அந்த இடம் சற்று முன்பின் ஆகும். தேடிக் கண்டுபிடியுங்கள்.

இது விரிதாள் விளையாட்டு மட்டும்தானா என்று அந்தப் பெண் கேட்டாள். பைன் தீவுப் பனியாறு ஒரு காலத்தில் இப்படி ஒரு கடலடி மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தது. மேடைக்கு அடியில் எடுத்த படிவுகளை ஆராய்ந்தபோது, 1940-களில் மேட்டுக்குப் பின்னால் கடல் நீர் புகுந்திருந்தது தெரிந்தது. அதை ஒட்டி வலுவான எல் நினோ ஒன்று, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம், நடந்திருந்தது. எல் நினோ வந்துபோனது. பனி திரும்பவில்லை. 1970-களில் மேட்டைவிட்டு முழுதாக எழும்பியது. 1992-க்கும் 2011-க்கும் இடையே தரைக்கோடு அதிகபட்சமாக 31 கி.மீ. பின்வாங்கியது.

எதிர்மறை உதாரணமும் சொல்லிவிட வேண்டும். கிரீன்லாந்தின் யாக்கோப்ஷவ்ன் பனியாற்றை 1997 வாக்கில் சூடான நீர் தொட்டது, மிதக்கும் நாக்கு உடைந்தது, வேகம் இரட்டிப்பானது. 2016-இல் அந்தப் பக்கம் கடல் ஆறியதும் பனியாறு சில ஆண்டுகள் தடித்து முன்னேறியது. கடல் சொல்வதைப் பனி இரு திசையிலும் கேட்கிறது, கேட்கும் தூரத்தில் இருக்கும் வரை.

ஒன்பதாம் படி: எங்கே நம்பக்கூடாது

மூன்று ஓட்டைகளைத் தெரிந்துகொண்டு நகருங்கள். ஒன்று, 4.75 அடுக்குச் சூத்திரம் மெதுவாக மாறும் பனிக்கானது. வேகமான மாற்றத்தில் அது தோராயம்தான். இரண்டு, நம் மாதிரிக்கு அகலமே கிடையாது. பள்ளத்தாக்கின் சுவர்கள் பனியைப் பிடித்துக்கொள்வது, பக்கவாட்டில் வந்து சேரும் பனி எல்லாம் விடுபட்டுவிட்டன.

மூன்றாவது ஓட்டை உருகல் சூத்திரம், அதிகம் யோசிக்க வைப்பதும் அதுவே. மேற்கு அண்டார்டிகாவின் துவெயிட்ஸ் பனியாறு தனியாகவே கடல் மட்டத்தை 65 சென்டிமீட்டர் அளவுக்கு உயர்த்தக்கூடியது. அதன் மேடையில் துளையிட்டு ஐஸ்ஃபின் என்ற மெல்லிய ரோபோவை இறக்கிப் பார்த்தார்கள். முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. நீர் சூடாக இருந்தும், தட்டையான அடிப்பரப்பில் உருகல் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. உருகிய நன்னீர் போர்வை போல மேலே படிந்து சூட்டைத் தடுத்திருந்தது. படிக்கட்டு போன்ற செங்குத்துச் சுவர்களிலும் பிளவுகளிலும் மட்டும் உருகல் கடுமை. இருமடிச் சூத்திரத்துக்கு இந்த நுணுக்கம் எதுவும் தெரியாது. உங்கள் தாளில் 2.6-ஐ 1.3 ஆகவும் 5.2 ஆகவும் மாற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் 500 கிலோமீட்டரில் சமநிலை கிடைக்கும்படி நுனி உடையும் வேகத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். 5.2 உருகலுக்கு வரவான 5 மீட்டர் போதாது, எனவே மேடையின் நீளத்தையும் குறைக்க வேண்டியிருக்கும்.

இதற்கு மேல் போக விரும்பினால் பிசம், எல்மர்-ஐஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் இருக்கின்றன. 640 கி.மீ. நீளமும் 80 கி.மீ. அகலமும் கொண்ட மிஸ்மிப் பிளஸ் என்ற பொதுப் பயிற்சித் தளத்தில் உலகெங்கும் உள்ள மாதிரிகளை ஓட்டி ஒப்பிடுகிறார்கள். தொடங்க நல்ல இடம். ஆனால் அதற்கு முன் இந்தத் தாளிலேயே ஒரு வேலை மிச்சம். பெட்மெஷின் என்ற இலவசத் தரைவரைபடத் தரவிலிருந்து உங்களுக்குப் பிடித்த பனியாற்றின் நடுக்கோட்டு ஆழத்தை எடுத்து, நான் போட்ட ஒற்றை வரப்பின் இடத்தில் வையுங்கள். ஒன்றுக்குப் பதில் ஏழெட்டு வரப்புகள் வரும், தரைக்கோடு ஒவ்வொன்றிலும் தயங்கித் தயங்கி நகர்வதைப் பார்க்கலாம். தொடங்கும் முன் கோப்பைச் சேமித்துவிடுங்கள். எங்கள் ஊரில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலே கரண்ட் போய்விடுகிறது.